சட்டத்தில் வைத்த பொட்டு

– கழட்ட ஏலாதுன்னு சொல்லிட்டேன் ஐயா, அதுக்கு மேல நீங்க—

– நான் சொல்லுறதை முதல்ல வடிவாக் கேளும் அங்கம்மா. இது துரை தந்த கடுதாசி. நான் வீட்டில இருந்து எழுதிக்கொண்டு வரேல்ல—

– துரை தந்தாலும் சரி, துரைக்குத் துரை தந்தாலும் சரி. கூரையில இருக்குறது கூரையிலதான் இருக்கும்.

– அந்தக் கூரை ஆருடையது? அதைச் சொல்லும்.

– தோட்டத்துது.

– பிறகென்ன?

– கூரை என்னோடதுன்னு நான் எப்பங்க சொன்னேன்? கூரைமேல இருக்குற கண்ணாடி என்னோடது. அதைத்தான் சொல்றேன்.

– அங்கம்மா, இருபத்தெட்டு வருசமா இந்தத் தேயிலைத் தோட்டத்தில கிளாக்கர் வேலை பாக்கிறன். குமாரசிங்கம் ஒரு ஆளுக்கு அநியாயம் செய்தவன் எண்டு ஒருத்தரும் சொன்னதில்லை. ஆனால் லயத்து வீட்டுத் தகரத்தில ஒரு ஆணி அடிக்கிறதெண்டாலும் ஆபீஸில கேக்க வேணும். சட்டம் எண்டால் சட்டம்தான். விளங்குதோ?

– விளங்குதுங்க. செவரு தோட்டத்துது, கூரை தோட்டத்துது, இஸ்தோப்புத் திண்ணை தோட்டத்துது. எங்க மாமியாரப் பொதைச்ச எடமும் தோட்டத்துது. நான் ஒண்ணு கேக்குறேன். அந்தத் தகரத்துமேல விழுற வெயிலு யாருதுங்க?

– இப்பிடிக் குறுக்கால கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுறது?

– தெரியலேன்னா ஆபீஸ்ல கேட்டுட்டு வந்து சொல்லுங்க. நான் இங்கதான் இருப்பேன்.

– பகிடி விடாதையும். நாலு மணிக்கு முதல் அதைக் கழட்டியாச்சு எண்டு துரைக்கு எழுதிக் குடுக்க வேணும்.

– நான் எறக்கித் தர மாட்டேன். வேணும்னா நீங்க ஏறி எறக்கிக்கிருங்க. ஏணி அந்தா சாத்தியிருக்கு.

– எனக்கு ஐம்பத்தெட்டு வயசு. ஏணி எனக்குச் சரிவராது.

– அப்ப கடுதாசிய மடிச்சு வச்சுக்கிட்டு ஒரு பிளேன்டீ குடிச்சிட்டுப் போங்க.

– முந்தி நீர் இப்பிடி வாய் காட்ட மாட்டீர்.

– முந்தி நீங்களும் எனக்கு நீர் போட மாட்டீங்க. நீ, வா, போதான். அபுதாபி போயிட்டு வந்த பொறகுதான் நான் நீர் ஆகியிருக்கேன்.

– சரி, அதை விடும். விசயத்துக்கு வாரன். திங்கக்கிழமை கொழும்புக் கொம்பனியில இருந்து ஆட்கள் வருகினம். லயம் லயமாப் பாக்கப் போகினமாம். மேமலை டிவிசனுக்கு ஏறி வந்தால் கண்ணில முதல்ல படப்போறது உம்மட கூரையில இருக்கிற உந்தக் கண்ணாடிதான். இது என்ன எண்டு கேப்பினம். வெயில்ல இருந்து கரண்ட் எடுக்கிற சாமான் எண்டு சொல்ல வேணும். ஏன், இஞ்ச கரண்ட் இல்லையோ எண்டு கேப்பினம்.

– இல்லைன்னு சொல்லுங்க. ரெண்டாயிரத்து ஒம்பதாம் வருசத்துலயும் மேமலை லயத்துக்குக் கரண்டு இல்ல. உள்ளதத்தானே சொல்லப்போறீங்க.

– அதோட விடுவினமோ? கீழ் டிவிசனுக்கு எப்ப வந்தது, மேமலைக்கு ஏன் வரேல்ல, ஆர் கேட்டது, ஆர் கேக்கேல்ல எண்டு பழைய ஃபைல் எல்லாத்தையும் கிண்டுவினம்.

– கிண்டட்டுமே. ஒங்களுக்கு அதுல என்னங்க?

– எனக்கென்ன. எனக்கொண்டும் இல்லை. தோட்டத்தின்ட பேருக்காகச் சொல்லுறன்.

– தோட்டத்துப் பேரு மண்ணெண்ணெக் குப்பி லாம்புப் பொகையிலதான் கறுத்துப் போச்சு. என் கண்ணாடி ஒண்ணும் அதைக் கெடுக்கப் போறதில்ல. ஐயா, நான் நாலு வருசம் யாரு வீட்டுல வேலை செஞ்சேன்னு தெரியுமா?

– தெரியாது.

– எண்ணெக் கம்பனியில பெரிய இஞ்சினியரு. நெலத்துக்குள்ள எண்ணெ எங்க இருக்குன்னு தேடிக் கண்டுபுடிக்கிறதுதான் பாபாவுக்கு உத்தியோகமே. அவரு வீட்டுக் கூரையில பன்னெண்டு கண்ணாடி வச்சிருந்தாரு.

– பாபா எண்டு ஆரைச் சொல்லுறீர்?

– வீட்டுக்காரரத்தாங்க. அங்க எஜமானர பாபான்னு கூப்புடணும், எஜமானியம்மாவ மாமான்னு கூப்புடணும்.

– மாமா எண்டோ?

– ஆமாங்க, பொம்பளதான். மொத மாசம் நான் வீட்டுக்குக் கடுதாசி போட்டேன். நல்லாருக்கேன், தெனமும் மாமாவுக்குத் தலைக்கு எண்ணெ வச்சு சடை பின்னி விடுறேன்னு. எங்க வீட்டுக்காரரு அதைப் படிச்சிட்டு மூணு நாள் சோறு திங்கலையாம்.

– வீரய்யா பாவம்.

– சிரிங்க, சிரிங்க. சிரிச்சா கடுதாசி ஒண்ணும் கோவிச்சுக்கிடாது.

– சிரிக்கிறது வேற. சட்டம்—

– சட்டம் எங்கயும் ஓடிப்போயிராது. நான் சொல்றதக் கேட்டுக்கிருங்க. ஒரு நாள் பாபாவக் கேட்டேன். ஒங்க ஊருல தண்ணிக்குத்தான் பஞ்சம், எண்ணெக்கு ஏது பஞ்சம், எதுக்கு இந்தக் கண்ணாடியெல்லாம்னு. அவரு சொன்னாரு, அங்கம்மா, முப்பது வருசமா நான் நெலத்துக்கு அடியிலயே பாத்துக்கிட்டு இருந்தவன், அடி எங்க முடியுதுன்னு எனக்குத் தெரியும், அதான் இப்ப மேல பாக்குறேன்னு.

– அப்பிடியோ சொன்னவர்?

– அரபியில சொன்னாரு. எனக்கு விளங்குனது இது. அவரு ஒருத்தருன்னு நெனைச்சீங்களா? ஊருக்கு வெளிய மணல்காட்டுல ரோட்டு ஓரமாப் போனா, கண்ணு எட்டுற மட்டும் கண்ணாடி நட்டு வச்சிருக்காங்க. நம்ம மலையில தேயில நெர புடிச்ச மாதிரி, நெர நெரயா. கொழுந்து எடுக்க ஆளுதான் இல்ல. எண்ணெ மேல உக்காந்திருக்கவனே வெயிலப் புடிக்கக் கூரை ஏறிட்டான். நாங்க மட்டும் அவன் தோண்டிப் போட்ட எண்ணெய லுணுகலைக் கடையில போத்தல்ல வாங்கிட்டு வந்து மூக்கக் கறுப்பாக்கிக்கிட்டு இருக்கணுமா?

– அவையளும் நாங்களும் ஒண்டோ? அவையிட்ட எண்ணெயும் இருக்குது, கண்ணாடியும் இருக்குது.

– எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு. பாபா கூரைக்குப் புதுசு மாத்துனப்ப, ஒரு ஓரத்துல கீறல் விழுந்த சின்னக் கண்ணாடி ஒண்ண ஒதுக்கிப் போட்டாரு. திரும்பி வர்றப்ப என்ன வேணும்னு மாமா கேட்டாங்க. மத்த பொம்பளைங்க துணி கேப்பாங்க, செண்டு கேப்பாங்க. நான் அந்தக் கண்ணாடியக் கேட்டேன். கம்பளியில சுத்திக் கொண்டாந்து, லுணுகலை பேட்டரிக் கடை நஸீர் நானாகிட்ட பஸ் பேட்டரி ஒண்ணு வாங்கி, அவரே வந்து வயர் இழுத்து, கூரையில ஏத்திக் குடுத்தாரு.

– நல்லது. எல்லாம் நல்லது. ஒண்டு மட்டும் கேக்கிறன். எரியுதோ?

– என்னது?

– உம்மட லைட். எரியுதோ?

– எரிஞ்சுச்சு.

– எரிஞ்சது எண்டு கேக்கேல்ல. இப்ப எரியுதோ எண்டு கேட்டனான். இந்தக் கிழமை எரியேல்லையாமே. லயத்தில பதினொரு குடும்பம் தாங்களும் வைக்கப்போறம் எண்டு உம்மட்டப் பேர் குடுத்தவை. நேற்றுக் காலமை வேலை பிரிச்சுக் குடுக்கிற பெரட்டில வைச்சு, தங்கட பேரை வெட்டச் சொல்லிப்போட்டினமாம். அபுதாபிக் கண்ணாடி எங்கட மலைக்குச் சரிவராது எண்டு வீரய்யாவே சொன்னவராம்.

– எங்க வீட்டுக்காரரா சொன்னாரு?

– அப்பிடித்தான் கேள்வி.

– மலையில இருந்து வரட்டும், கேட்டுக்கிறேன். ஐயா, அது மூட்டமுங்க. மலையில மூட்டம் போட்டா வெயிலு கம்மிதானே.

– மூண்டு நாளா நல்ல வெயில் அங்கம்மா. என்ட குவாட்டர்ஸில மிளகாய் காயப்போட்டு எடுத்தாச்சு.

– ஆமாங்க. வெயிலுதான். எனக்கே விளங்கல. நாலு மாசமா தெனமும் மூணு மணி நேரம் பளிச்சுன்னு எரிஞ்சது. போன ஞாயித்துக்கிழமை சரஸ்வதி பூசை. மறுநாள் ஒரு மணி நேரம் எரிஞ்சுச்சு. அதுக்கு மறுநாள் ரெண்டு தடவ கண்ணச் சிமிட்டிட்டுப் படுத்துருச்சு. பேட்டரியத் தூக்கிக்கிட்டு நஸீர் நானாகிட்ட ஓடினேன். பேட்டரியில ஒரு கொறையும் இல்ல, மேலயிருந்து ஒண்ணும் எறங்கல தங்கச்சின்னு சொல்லிட்டாரு.

– பாத்தீரோ. எரியாத சாமானுக்காகத் தோட்டத்தோட சண்டை பிடிக்கிறீர். கழட்டிப்போட்டீர் எண்டால் எனக்கும் லேசு, உமக்கும் மரியாதை. அது சரி, அந்தக் கண்ணாடிக்கு என்ன வருத்தம்?

– வருத்தமா?

– மேல் ரோட்டால இறங்கி வரேக்க பாத்தனான். அங்கயிருந்து உம்மட கூரை வடிவாத் தெரியும். கண்ணாடி முழுக்கச் சிவப்புச் சிவப்பாப் புள்ளி. அம்மாள் வருத்தம் வந்த பிள்ளை மாதிரி.

– செவப்பாவா?

– ஓம். ஏன் நெத்தியில அடிக்கிறீர்?

– ஐயா, அது பொட்டுங்க.

– பொட்டோ?

– நான் வச்சதுதான். ஆயுத பூசைங்களே. கவ்வாத்துக் கத்திக்கு வச்சேன், கொழுந்துக் கூடைக்கு வச்சேன், அம்மிக்கு வச்சேன், புள்ளையோட புஸ்தகத்துக்கெல்லாம் வச்சேன். வீட்டுக்கு வெளிச்சம் குடுக்குற சாமான விட்டுட்டு அம்மிக்கு வச்சா நல்லாவா இருக்கும்? பேக்டரியில ரோதைச் சக்கரத்துக்கு வருசா வருசம் வைக்கிறதில்லையா, அந்த மாதிரி. ஏறி, மூணு பட்டை திருநீறு போட்டேன். அப்பறம் கட்டத்துக்குக் கட்டம் சந்தனத்தக் கொழைச்சு வச்சு, அதுமேல குங்குமம். முப்பத்தாறு கட்டம்.

– முப்பத்தாறுக்குமோ?

– ஒண்ணுக்கு வச்சுட்டு ஒண்ண விட்டா அது கோவிச்சுக்கிடாதா?

– ம்.

– சிரிக்காதீங்க ஐயா.

– நான் சிரிக்கேல்ல.

– தோளு குலுங்குது. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நாலு வருசம் கண்ணாடி துடைச்ச கைங்க இது. மணல் பறந்து வந்து அப்பிக்கிரும். வெயிலு ஏறுனா தொட ஏலாது, அதனால காலைப் பாங்குக்கு முந்தியே கூரைக்குப் போயிருவேன். ஒரு மூலையில புறா எச்சம் கெடந்தாக்கூட பாபா வெரல நீட்டிக் காமிப்பாரு. அங்கம்மா, எல்லாக் கட்டமும் ஒரே கயித்துல கோத்தது, ஒண்ணக் கண்ணக் கட்டினா மத்ததும் சேந்து தூங்கிரும்னு. நான் என்ன செஞ்சிருக்கேன் பாத்தீங்களா? முப்பத்தாறு கண்ணையும் கட்டிட்டு, ஏன் தூங்குறேன்னு பேட்டரியத் திட்டியிருக்கேன்.

– அங்க ஆயுத பூசை இல்லைத்தானே. உமக்கு எப்பிடித் தெரியும்?

– ஏணியக் கொஞ்சம் புடிங்க.

– ஆர், நானோ? நான் கழட்ட வந்தவன்.

– கழட்டத்தான் ஏறுறேன்னு நெனைச்சுக்கிட்டுப் புடிங்க. வீட்டுல ஆம்பள இல்ல. புள்ளயால புடிக்க ஏலாது.

– பிள்ளைக்கு என்ன?

– புடிங்க, சொல்றேன். கம்சலா, வாளியில தண்ணியும் பழைய வேட்டித் துணியும் கொண்டா.

– இந்தாங்கம்மா.

– நீ உள்ள போயி பேட்டரிக்கு மேல இருக்குற பொட்டிகிட்ட உக்காரு. இப்ப செவப்புதானே எரியுது?

– ஆமாம்மா. நேத்துல இருந்து செவப்புத்தான்.

– கண்ண எடுக்காமப் பாரு. கண்ணாடியில இருந்து கரண்டு எறங்குனாப் பச்சை வரும், வந்தா சத்தம் போடு. போ.

– பிள்ளை ஏன் வலது கையை முதுகுக்குப் பின்னால ஒளிக்குது?

– புது ஆளுங்களப் பாத்தா அப்படித்தாங்க.

– நான் புது ஆளோ?

– மேமலைப் பக்கம் நீங்க ஏறி வந்து ஏழெட்டு வருசம் ஆகுதே ஐயா. எது வேணும்னாலும் நாங்கதான் எறங்கி வர்றோம். கெட்டியாப் புடிச்சுக்கிருங்க, ஏறுறேன்.

– பாத்து. லுணுகலைப் பக்கத்தில மூட்டம் கிளம்புது. கெதியாச் செய்யும்.

– வெயிலு இருக்கும்போதே துடைச்சிருவேன். ஆ, ஏறிட்டேன். அடடா, என்ன வடிவா வச்சிருக்கேன். கோயில் கதவுக்குக்கூட இப்படி வச்சதில்ல.

– பிள்ளையின்ட கைக்கு என்ன எண்டு சொல்லேல்ல.

– சொல்றேன். ரெண்டாயிரத்து நாலுல கம்சலாவுக்கு ஆறு வயசு. அன்னிக்குக் கொழுந்து நிறுக்கப் பிந்திருச்சு. நான் வர்றதுக்குள்ள இருட்டிருச்சேன்னு புள்ள தானே குப்பி லாம்பப் பத்த வச்சு, பாடம் எழுத உக்காந்திருக்கு. குப்பி சரிஞ்சு எண்ணெ கையில ஓடிருச்சு. தீயும் கூடவே ஓடிருச்சு. மூணு வெரலு ஒண்ணா ஒட்டிக்கிருச்சுங்க. பதுளை ஆஸ்பத்திரியில ரெண்டு மாசம் கெடந்தோம். அந்த வார்டுல இன்னும் நாலு புள்ளைங்க. அத்தனையும் குப்பி லாம்பு.

– எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல.

– நெருப்புல சுட்டுருச்சுன்னு பெரட்டுல சொன்னோம். லீவு எழுதினீங்க. கையின்னு நீங்க கேக்கல, நாங்களும் சொல்லல. அதுக்கு மறு வருசம் நான் அபுதாபி போனேன். இனி இந்த வீட்டுல குப்பி லாம்பு எரியக் கூடாது, அதுக்கு என்ன வழின்னு பாத்துட்டுத்தான் திரும்புவேன்னு போனேன். போயிப் பாத்தா, என் புள்ள கையில ஓடுன எண்ணெ பொறக்குற ஊருல நிக்கிறேன். அங்க உள்ள புள்ளைங்களுக்கு எண்ணெ எப்படி இருக்கும்னே தெரியாது. சுவத்துல தட்டுனா வெளிச்சம்.

– ம்.

– ஐயா, ஏணி ஆடுது.

– இல்லையே, பிடிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்.

– நான் கூரையில இருக்கேன், ஏணியில ஆளே இல்ல. அப்பறம் எப்படி அது தகரத்துல தடதடன்னு அடிக்கிது?

– காத்து.

– காத்தக் காணோமே. சரி. நான் ஒண்ணு கேக்குறேன். ரெண்டாயிரத்து ரெண்டுல சண்டை நின்னு யாழ்ப்பாணத்துக்குப் பாதை தொறந்த வருசம் நாங்க ஒங்க கையில ஒரு கடுதாசி குடுத்தோமே, ஞாபகம் இருக்கா? மேமலை லயத்துக்குக் கரண்டு வேணும்னு. ஐம்பத்திரெண்டு பேரு. நான் கையெழுத்துப் போட்டேன், எங்க மாமியார் கைநாட்டு வச்சாங்க. கொழும்புக்கு அனுப்புறேன்னீங்க. ரெண்டு வருசமா எப்பக் கேட்டாலும், பதில் வரேல்ல, பதில் வரேல்லன்னு சொன்னீங்க. அந்தக் கொழும்புக்காரன் மட்டும் அதை ஒரு தடவ பிரிச்சுப் படிச்சிருந்தான்னா—

– துடைக்காதையும்.

– என்னங்க?

– கையை எடும். துடைக்காதையும். நில்லும்.

– தண்ணி தொட்டாச்சு ஐயா, ஒரு மூலை நனைஞ்சிருச்சு.

– பரவாயில்லை, அப்பிடியே நில்லும். தொண்ணூற்றாறில லொறி ரோட்டை அகலமாக்கேக்க, ரோதமுனிக் கல்லைப் புரட்டினது ஞாபகமோ?

– மறக்குமா? பேக்டரி ரோதையக் காக்குற முனி. பொட்டு வச்ச கல்லப் பொரட்டிட்டாங்கன்னு ஒம்பது நாளு ஒரு குஞ்சு மலைக்குப் போகலையே.

– அதுக்குப் பிறகு அப்ப இருந்த துரை வாயால ஒரு உத்தரவு போட்டவர். பொட்டு வைச்சுப் பூசை செய்த எந்தச் சாமானிலயும் ஆபீஸ் கை வைக்கக் கூடாது. எழுத்தில ஒண்டும் இல்லை. ஆனால் நாலு துரை மாறியும் ஒருத்தரும் அதை மீறேல்ல. எங்கட சட்டப் புத்தகத்தில இல்லாத சட்டம். விளங்குதோ? அந்தப் பொட்டு இருக்கிற மட்டும் உந்தக் கண்ணாடியை ஆரும் இறக்க ஏலாது. நான் அப்பிடியே துரைக்கு எழுதிக் குடுப்பன்.

– நீங்களா எழுதுவீங்க?

– நான்தான்.

– கழட்ட வந்தவரு.

– ஓம். கழட்ட வந்தவன்தான்.

– இருங்க, யோசிக்கிறேன். பொட்டு இருந்தா கண்ணாடி கூரையில இருக்கும். ஆனா எரியாது.

– எரியாதுதான்.

– பொட்ட அழிச்சா எரியும். கூரையில இருக்காது.

– சட்டம் அப்பிடி இருக்குது.

– அப்ப எரியாத கண்ணாடிய மேல வச்சுக் கும்புட்டுக்கிட்டு, கீழ புள்ளகிட்ட மறுபடியும் குப்பி லாம்பக் குடுக்கச் சொல்றீங்க. மாட்டேன் ஐயா. இது எரியணும். இன்னிக்கே எரியணும். பேர வெட்டுன பதினொரு வீடும் வந்து பாக்கணும். பாத்துட்டு அவங்க வாயாலயே மறுபடி எழுதுன்னு சொல்லணும். அதுக்குத்தான் இதைக் கம்பளியில சுத்திக் கடல் தாண்டிக் கொண்டாந்தேன்.

– நான் வேற என்னத்தைச் செய்யிறது? எனக்குத் தெரிஞ்ச வழியைச் சொன்னன்.

– பொட்டு எந்த எடத்துல இருக்கணும்னு துரை சொன்னாரா?

– சாமானில இருக்க வேணும்.

– சாமானுன்னா கண்ணாடி மட்டுமா? சுத்திவர வெள்ளையா அலுமினியத்துல ஒண்ணு அடிச்சிருக்கே. சாமி படத்துக்குச் சுத்தி அடிக்கிற மாதிரி. நஸீர் நானா அதுக்கு என்னமோ பேரு சொன்னாரு. நாக்குல நிக்கிது.

– படத்துக்கு அடிக்கிறது எண்டால், சட்டம்.

– அதேதாங்க. சட்டம்.

– ஓ.

– காலையில இருந்து சட்டம் சட்டம்னு சொல்லிக்கிட்டே இருக்கீங்களே. அந்தச் சட்டத்துக்கே வச்சிருவோம் பொட்ட.

– அங்கம்மா, உம்மை அபுதாபிக்காரர் சும்மா விட்டது பிழை.

– கம்சலா, ஐயா கையில சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் குடுத்துட்டு மறுபடி பொட்டிகிட்டயே போ. ஐயா, ரெண்டு படி ஏறி நீட்டுங்க, எனக்கு எட்டல.

– ஏணி சரிவராது எண்டு நான் முதலே—

– ரெண்டே ரெண்டு படி.

– இந்தாரும். பிடியும் கெதியா.

– பாத்தீங்களா, சரிவருது. தாயே, பொட்ட அழிக்கிறேன்னு நெனைச்சுக்கிடாத. எடந்தான் மாத்துறேன். இப்ப துடைக்கலாம்ல?

– துடையும். அந்தக் கீழ் வரிசையை வடிவாத் தேய்யும், திருநீறு காஞ்சு பிடிச்சிருக்கும். நனைச்சு, ஊற விட்டுத் துடையும். கீறல் இருக்கிற மூலையில அழுத்தாதையும்.

– நீங்க எப்ப கண்ணாடி துடைக்கப் போனீங்க?

– துடையும் எண்டால்.

– அம்மா. அம்மா, செவப்பு போயிருச்சு.

– பச்சை வந்துச்சா?

– ஒண்ணும் வரல. செவப்பும் இல்ல.

– ஒரு நாலு கட்டம் பாக்கி இருக்கு. பாத்துக்கிட்டே இரு.

– மூட்டம் கீழ் டிவிசனுக்கு வந்திட்டுது அங்கம்மா.

– வரட்டும். இங்க ஏற இன்னும் நேரம் கெடக்கு. மூணு. ரெண்டு. இந்தா கடைசி.

– அம்மா, பச்சை. பச்சை வந்துருச்சு, மின்னாம அப்படியே நிக்கிது.

– நிக்கிதா?

– நிக்கிதும்மா.

– கேட்டீங்களா ஐயா?

– கேட்டன். உந்தச் சட்டத்தில பொட்டை வையும், நான் எழுதுறன். வாசிக்கிறன், பிழை இருந்தால் சொல்லும். “மேமலை டிவிசன் எட்டாம் இலக்க லயத்தின் கூரையில் பொருத்தப்பட்டுள்ள பொருளை நேரில் சென்று பார்வையிட்டேன். அது ஆயுத பூசையின்போது பூசை செய்யப்பட்ட பொருளாகும். சட்டப்படி அதில் பொட்டு வைக்கப்பட்டுள்ளது.”

– சட்டப்படின்னு போடாதீங்க. சட்டத்தில்னு போடுங்க. பொய் எழுதக் கூடாது.

– ம். “சட்டத்தில் பொட்டு வைக்கப்பட்டுள்ளது. ஆகவே அலுவலகம் அதனை அகற்றுவது உசிதமல்ல எனக் கருதுகிறேன். குமாரசிங்கம், பிரதம லிகிதர்.” காணுமோ?

– உசிதமல்லன்னா?

– ஏலாது எண்டதைத் துரைக்குச் சொல்லுறது அப்பிடித்தான்.

– நல்ல சொல்லு. நான் ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கிடாதீங்க. வரும்போது கோட்டான் மாதிரி வந்தீங்க. ஏணியப் புடிச்ச பொறகு ஆளே வேற ஆயிட்டீங்க. ஏன்?

– தொண்ணூறுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில எங்கட ஊரில கரண்டும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை. ஒரு ஜாம் போத்திலுக்குள்ள கொஞ்சம் பஞ்சு, ரெண்டு சொட்டு எண்ணெய். அதில எரியிற திரிதான் வெளிச்சம். என்ட அம்மா தனிய அந்தப் போத்திலோட இருந்தவ. பாதை இல்லை, நான் போகேல்ல. பன்னிரண்டு வருசம்.

– தெரியுங்க. பாதை தொறந்த அன்னிக்குத்தானே நாங்க கடுதாசியக் கொண்டாந்தோம். ஆபீஸ் பூரா டொபி மிட்டாய் குடுத்தீங்க. எனக்கும் ரெண்டு குடுத்தீங்க. கண்ணெல்லாம் கலங்கி, பேக்கத் தோளுல மாட்டிக்கிட்டு நின்னீங்க. கடுதாசிய வாங்கி வச்சுட்டு பஸ்ஸுக்கு ஓடுனீங்க. நாங்ககூட சொல்லிக்கிட்டோம், ஐயா இப்படி ஓடி நாம பாத்ததில்லையேன்னு. அம்மா இருந்தாங்களா?

– இருந்தா. கண் தெரியேல்ல. குரலை வைச்சுத்தான் என்னைப் பிடிச்சவ. ஒரு மாசம் நிண்டிட்டு வந்தனான்.

– உசுரோட இருந்தாங்களே, அது போதும். ஐயா, இன்னும் ஒரு ஒத்தாசை. திங்கக்கிழமை கொழும்புக்காரங்க இங்க வந்து நிக்கும்போது அவங்க கையிலயே ஒண்ணு குடுக்கப்போறேன். கரண்டு குடு, இல்லேன்னா ஒவ்வொரு வீட்டுக் கூரையிலயும் கண்ணாடி வைக்க எழுத்துல உத்தரவு குடுன்னு. பதினொரு வீட்டையும் இன்னிக்குச் சாயங்காலமே புடிச்சிருவேன். லைட்ட ஒரு நிமிசம் போட்டுக் காமிச்சாப் போதும். பழைய கடுதாசிய எழுதிக் குடுத்த வாத்தியாரு இப்ப இல்ல. ஒரு எழுத்து மாறாம அதே மாதிரி எழுதணும், அவ்வளவு நல்லா எழுதியிருந்தாரு. கொழும்புல அதை எப்பவோ தொலைச்சிருப்பானுங்க. ஆபீஸ்ல ஒரு கொப்பி எடுத்து வச்சிருப்பீங்களா?

– நீர் முதல்ல இறங்கும். மூட்டம் வந்திட்டுது, தகரம் வழுக்கும்.

– எறங்குறேன், ஏணியப் புடிங்க. இருக்குமா, இருக்காதா?

– கொப்பி இல்லை அங்கம்மா. அந்தக் கடுதாசியேதான் இருக்குது, என்ட மேசை லாச்சிக்குள்ள, ஐம்பத்திரண்டு பேரின்ட கையெழுத்தோட, பஸ்ஸுக்கு ஓடேக்க நான் வைச்ச இடத்திலயே.